கேன்சர் இல்லை

நாகப்பட்டினம் பக்கம் பெண்கள் வார்டில் நர்ஸாக இருப்பவளுக்கு, ஊசி போடுவதைவிட வெளிநாட்டில் இருக்கும் கணவன்மார்களுக்குப் போனில் பதில் சொல்வதுதான் பெரிய வேலை. என்னைப் போல வார்டு டியூட்டி பார்த்து நொந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எத்தனையோ பேர் வந்து போனார்கள். நாகூர் சபீனா மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

வலியோடு வந்தவள்

சபீனாவுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. கணவர் பஷீர் சவுதியில் ஏசி மெக்கானிக். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். ஒரு லீவில் தங்கிய கரு, அவர் திரும்பிப் போன பிறகு கலைந்துவிட்டது. அதிலிருந்து அடிவயிற்றில் வலி, விட்டு விட்டுக் காய்ச்சல். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிடுவாளாம். வருஷக்கணக்கில் இப்படியே ஓட்டியிருக்கிறாள்.

"உங்க வீட்டுக்காரர் வந்தப்பவாவது காட்டியிருக்கலாமேம்மா" என்றார் டாக்டரம்மா.

"அவர் இருக்கறதே கொஞ்ச நாள், டாக்டர். அதுவும் ஆஸ்பத்திரியிலயே போயிடுமேன்னு வலியப் பத்தி அவர்கிட்ட சொல்லல."

பாஸ்போர்ட்

ஸ்கேனில் கருப்பையின் இரண்டு பக்கமும் கட்டி தெரிந்தது. சினைப்பையும் கருக்குழாயும் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒட்டிப்போயிருந்தன. கேன்சராக இருக்குமோ என்று டாக்டரம்மா பயந்தார். ஆபரேஷனுக்கு சபீனா கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஆனாலும் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று அவள் மாமியார் என் கையில் போனைக் கொடுத்தார்.

பஷீர் பதறாமல்தான் கேட்டார். பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. இப்போது லீவு எடுத்தால், அடுத்த லீவுக்கு எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாதாம். எடுத்துப் பார்த்து, டெஸ்ட்டுக்கு அனுப்பினால்தான் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றேன்.

"கேன்சர்னா உடனே வந்துடறேன் சிஸ்டர். அது தெரியற வரைக்கும் பாஸ்போர்ட்ட கேக்காம இருக்கேன்."

தட்டில் இருந்தது

அன்று தியேட்டரில் ஆள் குறைவு, என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். வயிற்றைத் திறந்தால் குடல்வரை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பிரித்தெடுக்கவே டாக்டரம்மாவுக்கு வியர்த்துவிட்டது. எதையும் மிச்சம் வைக்க வழியில்லை. இரண்டு சினைப்பை, இரண்டு குழாய், கருப்பை எல்லாம் எடுக்க வேண்டியதாயிற்று. கட்டியை வெட்டிப் பார்த்தால் உள்ளே கெட்டி மஞ்சளாக, சீழும் சதையும் கலந்து இருந்தது. அத்தனை வருஷ சர்வீஸில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

எடுத்ததை வீட்டாரிடம் காட்டுவது வழக்கம். தட்டை வெளியே கொண்டுபோனேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நின்று நன்றாகப் பார்த்தார்.

"இதோடயா சிஸ்டர் அந்தப் புள்ள இத்தன நாளும் எங்களுக்கு ஆக்கிப் போட்டுச்சு?"

ரிசல்ட்

தஞ்சாவூருக்கு அனுப்பிய டெஸ்ட் ரிசல்ட் வந்தது. கேன்சர் இல்லை. ஆறாமல் கிடந்த பழைய புண், உள்ளேயே வீங்கி, கட்டி மாதிரி வளர்ந்திருக்கிறது. ரொம்ப அபூர்வமாக வரும் அழற்சி. அதன் பெயரைப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்றார் டாக்டரம்மா. வார்டே சந்தோஷப்பட்டது. நான்தான் பஷீருக்குச் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அழுதார். கண்ணைத் துடைத்திருப்பார் போல, குரல் தெளிந்தது. அப்படியானால் லீவை இப்போது எடுக்கவில்லை என்றார்.

சபீனாவிடம் போய் இரண்டையும் சொன்னேன். போர்வை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேன்சரா இருந்தா வந்திருப்பார், இல்ல சிஸ்டர்?"

லீவு

அவருக்குச் சேர வேண்டிய லீவு வந்தபோது பஷீர் வந்தார். செக்கப்புக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். சினைப்பைகளை எடுத்துவிட்டதால் திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பதும் வியர்த்துக் கொட்டுவதுமாக சபீனா பத்து வயது கூடித் தெரிந்தாள். சொந்தக்காரர்கள் பஷீருக்கு இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்தார்களாம். மாமியார் அவர்களை உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டாராம்.

சபீனா உள்ளே இருந்தபோது பஷீர் வெளி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். எப்போது திரும்புகிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். லீவு முடியும் முன்பே கிளம்புகிற மாதிரி டிக்கெட்டை மாற்றிவிட்டாராம். என் முகம் மாறியதைப் பார்த்திருப்பார் போல.

"வீட்ல இருந்தா ரெண்டு பேரும் அழுதுகிட்டே இருக்கோம் சிஸ்டர். அங்க போயிட்டா, போன்ல நல்லா பேசிக்கறோம்."

எங்கள் வார்டை விட்டுப் போகிற எல்லோருக்கும் டிஸ்சார்ஜ் அட்டையில் 'நலமாக வீடு திரும்பினார்' என்றுதான் எழுத வேண்டும், வேறு மாதிரி எழுத எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.