ஏறிக்கொண்டே போன எண்ணெய்

அந்த வருஷம் எங்கள் இன்ஜின் சாப்பிடாமலே கொழுத்தது.

யுத்த காலம். சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இன்ஜின் எண்ணெய்க்கு நிற்க வரிசைகூட இல்லை. பெரியப்பா எங்கிருந்தோ ஒரே ஒரு டின் பிடித்துவந்து, வீட்டுக்குள் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். கிணற்றடிக் கொட்டகையில் இருந்தது குரூடாயில் பீப்பாய் மட்டும். இன்றைக்கு டீசல் என்கிறோமே, அதற்கு அப்போது அந்தப் பெயர். இன்ஜின் குடித்து எரிப்பது குரூடாயில். அதன் வயிற்றில் கிடந்து மூட்டுகளை நனைப்பது இன்ஜின் எண்ணெய். ஒன்று சோறு, மற்றது ரத்தம் என்று நானாக வைத்துக்கொண்டேன். ரத்தம் குறைந்தால்தான் பெட்டி திறக்கும்.

ஏலாக்குறிச்சி மாதா கோயில் பக்கத்து வேதக்காரக் குடும்பம் எங்களுடையது. இன்ஜின் வந்து இறங்கியபோது பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். ஓடிக் காட்டிய சூட்டோடு நின்றிருந்த புகைக்குழாயில் தீர்த்தம் பட்டதும் அது சீறியது. பேய் ஓடுகிறது என்று கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பிறகு கொள்ளிடக் காற்றில் அதன் சத்தம் ஊர் முழுக்கப் பரவியது. மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்த வயல்களுக்கு நடுவே எங்கள் வயலில் மட்டும் தண்ணீர் வாய் திறந்து கொட்டியது.

இன்ஜினை ஓட்டியவர் சித்தப்பா, பெரியப்பாவின் கடைசித் தம்பி. சாமியாராக வேண்டிக் குருப்பட்டத்துக்குப் படிக்கப் போய், குருமடத்திலிருந்து பாதியில் திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாரிடமும் பதில் இருந்தது. விசுவாசம் பத்தவில்லை. பந்தியில் அவருக்கு ஓரத்து இலை. ஜெபத்தில் அவர் குரல் உயர்ந்தால் நடிப்பு, தாழ்ந்தால் அவநம்பிக்கை. கொட்டகைச் சாவியைக் கையில் கொடுத்தபோது பெரியப்பா சொன்னார்: "இதையாச்சும் ஒழுங்கா வச்சுக்க. இதுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா இந்த வூட்ல ஒனக்கு எடமில்ல பாத்துக்க."

சித்தப்பா அந்த இரும்புக்குள் குடியேறினார். மனிதர்களோடு பேசாத பேச்சையெல்லாம் அதோடு பேசினார். அதுவும் பாரபட்சமில்லாமல் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

காலையில் அளவுக் கம்பியை உருவி எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அழுது பிடுங்கிக்கொண்டது. கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்து, பாவாடையில் சொட்டாமல் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் எண்ணெய் கோட்டுக்கு மேலே நின்றது. மறுநாள் இன்னும் மேலே.

"ஏறியிருக்கு பெரியப்பா!"

பெரியப்பா நம்பவில்லை. தானே விட்டுப் பார்த்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை, ஒரு சொட்டு ஊற்றவில்லை, எண்ணெய் ஏறியிருக்கிறது. கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியாருக்கு ஆள் போயிற்று. அவர் கம்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி, வேதத்தில் ஒரு விதவையின் சாடியில் எண்ணெய் வற்றாமல் வந்த கதையைச் சொன்னார். "அவளுக்கு வத்தாமத்தான் இருந்துச்சு. ஒங்களுக்கு ஏறுதே!" என்றார், பந்தயத்தில் எங்கள் மாடு முந்திவிட்டதைப் போல.

சித்தப்பா ஒரு துளியை விரலிடுக்கில் தேய்த்து, முகர்ந்து, மெல்லச் சொன்னார்: "அண்ணே, இதுல குரூடாயில் வாடை அடிக்குது. எங்கேயோ கசிஞ்சு கலக்குது. நிப்பாட்டிப் பாத்துடலாம்."

"குருமடத்துலேருந்து ஓடியாந்தவனுக்கு மாதா குடுக்கறதுகூட கசிவாத்தான் தெரியும்" என்றார் பெரியப்பா. உபதேசியார் சிரித்தார். சித்தப்பா விரலைக் கந்தையில் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதை நான் கேட்டதில்லை.

பின் ஊரே கொட்டகைக்கு வந்தது. சீசாவோடு வந்தார்கள், சிரட்டையோடு வந்தார்கள். கம்பியில் நான் எடுக்கும் எண்ணெயைத் துளித்துளியாக வாங்கி முட்டியிலும் இடுப்பிலும் பூசிக்கொண்டார்கள். எடுக்க எடுக்க ஏறியது. கோடித் தெரு அத்தை ஒருத்தி கோலை விட்டுவிட்டு நடந்தாள். இன்ஜினின் கழுத்தில் சாமந்தி மாலை விழுந்தது. சூட்டில் அது வெந்து, கொட்டகை கல்யாண வீடும் பட்டறையும் கலந்தாற்போல் மணத்தது. கையில் கம்பியோடு நான் இறக்கை முளைத்த சம்மனசு மாதிரி நின்றேன். சித்தப்பா சக்கரத்தின் மறைவில் உட்கார்ந்து, காதைச் சாய்த்து, எதையோ கேட்டபடி இருந்தார்.

ஒரு நாள் நாங்களும் கேட்டோம். இன்ஜினின் வயிற்றுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். சித்தப்பா நிறுத்த ஓடினார். அதற்குள் கிறீச்சென்று ஒரு சத்தம்; பெரிய சக்கரம் நின்ற இடத்தில் நின்றது. நான்கு பேர் தொங்கியும் அசையவில்லை. தண்ணீர் குழாய்க்குள் பின்வாங்கும் ஓசை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

திருச்சியிலிருந்து ஃபிட்டர் பாய் வந்தார். அத்தர் வாசனையும் அலட்சியமுமான மனிதர். மாலையைக் கண்டதும், "மய்யத்துக்கு முன்னாடியே பூ போட்டுட்டீங்களே!" என்றார். சீசாக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். மாதா கைவிட மாட்டாள் என்று பெரியப்பா அவர்களிடம் சொல்லியிருந்தார்.

பாய் அடித்தட்டுத் திருகைக் கழற்றினார். எண்ணெய் தண்ணீராக ஓடி வந்தது. கையில் ஏந்தி முகர்ந்தார். ஒரு காகிதத்தை நனைத்துத் தீக்குச்சி காட்டினார்; பொசுக்கென்று பற்றியது. பிறகு கையை உள்ளே விட்டு அடியைத் துழாவி எடுத்தார். உள்ளங்கையில் வெள்ளி ஜிகினா மாதிரி மினுங்கியது. அழகாக இருந்தது.

"இது பேரிங் பூச்சுங்க. மொத்தமும் உரிஞ்சு கெடக்கு. தண்டுல கோடு விழுந்திருக்கும். உள்ள இருந்தது இன்ஜின் எண்ணெயே இல்ல, முக்காவாசி குரூடாயில். வழுவழுப்பே இல்லாம இரும்பும் இரும்பும் அடிச்சுக்கிட்டிருக்கு." நிமிர்ந்தார். "மட்டம் ஏறியிருக்கணுமே! ஏறினத இந்த ஊர்ல ஒரு ஆளுகூடவா பாக்கல?"

ஊரே பார்த்திருந்தது. சீசாக்கள் முந்தானைக்குள் போயின. உபதேசியார் கூரையைப் பார்த்தார். "எது கலந்தா என்னங்க, என் முட்டி நல்லாயிடுச்சே" என்றாள் கோடித் தெரு அத்தை. யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். சிரிப்பு பின்வரிசை வரை ஓடியது. பெரியப்பாவின் கை அரைஞாண் சாவியைப் பிடித்துக்கொண்டது. அவர் முகத்தில் ரத்தமில்லை.

பாய் அதற்குள் குரூடாயில் பம்பைப் பிரித்து, அதன் நடுவே ஏறி இறங்கும் விரல் பருமன் தண்டை வெளிச்சத்தில் திருப்பினார். நகத்தை அதன் மேல் ஓட்டினார். நகம் ஓரிடத்தில் தேய்ந்த பள்ளத்தில் தட்டி நின்றது; குரூடாயில் கசிந்து இறங்க அது போதும். "ஓஹோ" என்று வாயைத் திறந்தார்.

"நான்தாங்க" என்றார் சித்தப்பா. "ரெண்டு டின்னு ஒண்ணு போல இருந்துச்சு. எண்ணெய்னு நெனச்சு குரூடாயில ஊத்திட்டேன். தெனமும் ஊத்தினேன். அண்ணனுக்குத் தெரியாது."

பாய் தண்டைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவை, கொஞ்சம் அதிக நேரம். "அப்பிடியும் நடக்கும்" என்று சொல்லித் தண்டைக் கந்தையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கொட்டகையில் டின்னே கிடையாது. எனக்குத் தெரியும். "பெரியப்பா, அங்க ஏது..." என்று தொடங்கிய என் தொடையில் அம்மா கிள்ளிய கிள்ளல் ஒரு வாரம் நீலமாக இருந்தது.

கூட்டம் பெரியப்பாவைப் பார்த்தது. சிரிப்பு நின்று, ஐயோ பாவம் வந்திருந்தது. கூடப் பிறந்தவனே ஏமாற்றியிருக்கிறான். பெரியப்பா தொண்டையைச் செருமினார். "குருமடமும் ஒத்துக்கல, கொட்டகையும் ஒத்துக்கல" என்றார். அவ்வளவுதான். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சித்தப்பா கொட்டகைச் சாவியைப் பீப்பாய் மேல் வைத்தார்.

அவர் அண்ணனைக் காப்பாற்றினாரா, அல்லது எந்தக் கதவும் தனக்குத் திறக்காத வீட்டில் ஒரே பொய்யால் சுவரை உடைத்து வெளியேறினாரா என்று நான் பல வயதுகளில் பலவிதமாக நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு வயதிலும் விடை சரியாகவே இருந்தது.

மறுநாள் பாய் போகும் பஸ்ஸிலேயே அவரும் புறப்பட்டார். அரியலூர் ரயிலுக்குப் போகும் கரி பஸ் அது. பின்பக்கம் அடுப்பைச் சுமந்து, மூச்சு வாங்கி வரும். சித்தப்பாவின் தகரப் பெட்டியைத் தூக்க ஆளைக் கூப்பிடப் போனாள் அம்மா. அதற்குள் பெரியப்பா மேல்துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, பெட்டியைத் தானே ஏற்றிக்கொண்டார். சந்தைக்குப் போனால் குடையைக்கூட ஆள் தூக்கி வரும் மனிதர். தெருவெல்லாம் வாசலில் நின்று பார்க்க, அவர் முன்னால் நடந்தார். வெறுங்கையோடு சித்தப்பா பின்னால். தம்பியைத் துரத்த இவ்வளவு அவசரமா என்று எனக்குக் கோபமாக வந்தது.

பஸ் கூரைக்குப் பெட்டியை ஏற்றிவிட்டார்கள். சித்தப்பா, "வரேண்ணே" என்றார். பெரியப்பா அதற்கு ஏதோ சொன்னார். கரி அடுப்பின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. பஸ் புகைக்குள் போய், புகையும் போய், ரோடு மட்டும் மிஞ்சியது. பெரியப்பா நின்ற இடத்திலேயே நின்றார். தலைச் சும்மாடு அப்படியே இருந்தது. பாரம் இறங்கியது தெரியாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். துண்டைப் பிடித்து இழுத்து, "பெரியப்பா, பெட்டி போயிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தேன்.