ஒரே நம்பர், வேறே புலி

மட்டாஞ்சேரியில் இருக்கும் என் எம்பிராய்டரி கடைக்கு அந்தச் சேட்டன் வந்தபோது ஆர்டர் ரொம்பச் சுலபமாகத்தான் தெரிந்தது. விமானப்படையில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே தமிழ்ப் பசங்களோடு பழகியதால் ஒரு மாதிரித் தமிழ் பேசுவார்.

"ஞாயித்துக்கிழமை ஆலுவாயில எங்க ஸ்குவாட்ரன் ஆளுங்க கூடுறாங்க மோளே. முப்பது தொப்பி வேணும். ஸ்குவாட்ரன் நம்பர் போட்டு, மேல புலித்தல வெச்சுத் தா," என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் கூட்டத்துக்கு அவரை அழைத்தது இதுதான் முதல் தடவையாம். தொப்பி தன் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த நம்பரை நான் சொல்லமாட்டேன். பட்டாளத்தோடு வம்பு எதற்கு? போனில் தட்டிப் பார்த்தால், அடேயப்பா! ஊருக்கு ஒரு மாரியம்மன் மாதிரி நாட்டுக்கு ஒரு ஸ்குவாட்ரன், எல்லாவற்றுக்கும் அதே நம்பர். பெயர் யோசிக்க எந்த நாட்டுக்காரனுக்கும் பொறுமை இல்லை போலிருக்கிறது. ஒன்றில் கழுகு, ஒன்றில் பாம்பு, ஒன்றில் புள்ளி வைத்த பூனை மாதிரி ஏதோ ஒன்று. இன்னொன்றில் வரிவரியாக, மீசையும் முறைப்புமாக, அட்டகாசமான புலி. பக்கத்தில் பொடி எழுத்தில் எந்த நாடு என்று போட்டிருந்ததை யார் படித்தது? புலி என்றால் புலிதானே என்று வரிப்புலியை மெஷினில் ஏற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்து தொப்பியைக் கையில் எடுத்தவர், "அய்யோ, இது கடுவா!" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "புலின்னுதான சேட்டா சொன்னீங்க? பின்ன இது என்ன, எலியா?" என்று எகிறினேன்.

அவர் தன் பழைய போட்டோ ஒன்றைக் காட்டினார். சட்டையில் புள்ளி புள்ளியாக ஒரு சிறுத்தை. மலையாளத்தில் புலி என்றால் சிறுத்தை, வரி போட்டது கடுவா. இங்கேயே பிறந்து, தமிழைவிட மலையாளம் நன்றாக எழுதும் எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மனுஷன் தமிழில் சொன்னார், நானும் தமிழில் கேட்டுத் தொலைத்தேன். போனில் அந்தப் பொடி எழுத்தை அப்போதுதான் வாய்விட்டுப் படித்தேன்: வரிப்புலி வேறு நாட்டு ஸ்குவாட்ரனுடையது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "சோறு வெக்கிறவனுக்குப் புலி ஏது, கடுவா ஏதுன்னு என்ன தெரியும்னு சிரிப்பாங்க மோளே. வேற நாட்டுக்காரன் தொப்பியை அவங்க தலையில எப்படி வெப்பேன்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிறுத்தையைத் தனித் துணியில் தைத்து வரிப்புலியின்மேல் ஒட்டுப்போட்டுவிடலாம் என்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். சனிக்கிழமை முழுக்க மெஷின் ஓடியது. ஞாயிறு காலை இருபத்தொன்பது முடிந்தது. முப்பதாவதற்கு மஞ்சள் நூல் தீர்ந்தது.

"நூல்கடை திறந்ததும் வாங்கிடுறேன் சேட்டா, கொஞ்சம் இருங்க," என்று தொப்பி வாங்க வந்து நின்றவரிடம் கெஞ்சினேன்.

"பஸ் போயிடும். அது எனக்கு இருக்கட்டும்," என்று அந்தக் கடுவாவைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை. என்னால் ஒரு மனுஷன் அத்தனை பேர் நடுவில் அவமானப்படப் போகிறாரே!

திங்கட்கிழமை வந்தார். "கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"பின்னே! பழைய பைலட் ஒருத்தர், 'நீ எந்த நாட்டு ஸ்குவாட்ரன்டா?'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சொன்னேன், 'எந்த நாடா இருந்தா என்ன சாரே, அவிடேயும் பசிக்கும்லே? அங்கத்த சமையக்காரன் நான்'னு."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் சிரிக்கல. ஹோட்டல்லேர்ந்து பிரியாணி வந்தது. பழக்கத்துல பரிமாற எழுந்தேன். அந்த பைலட்டு கையப் பிடிச்சு இழுத்து, பக்கத்துல உட்கார வெச்சார்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவங்களோட உட்கார்ந்து நான் சாப்பிட்டது இதுதான் ஆத்யம் மோளே, முதல் தடவ."