ஓடாத வாஷிங் மெஷின்

பகலில் பொய் எழுதச் சின்னவளுக்கு அனுமதி இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் டைப் செய்கிற வேலை. ஒரு புள்ளியைத் தள்ளி வைத்தால் யாரோ ஒருத்தர் உயிருக்கே உலை வைத்துவிடும். அந்தக் கடுப்போ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் கதை எழுத உட்கார்ந்துவிடுவாள். ஒன்பது வருஷத்தில் நாற்பத்தொரு கதைகள். அத்தனையும் போன வேகத்தில் திரும்பி வந்தன. "எழுதி என்னத்தக் கிழிச்ச?" என்று அம்மா கேட்பாள். நியாயமான கேள்விதான்.

நாற்பத்திரண்டாவது கதை அக்காவுடையது. பெரியவள் புருஷனிடம் அடி வாங்குவது தங்கைக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் மூச்சுவிட முடியாது. அவளுக்கு மருமகன் சொக்கத் தங்கம். பெரியவள் ஒரு முடிவோடு இருந்தாள். மகளுடைய பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள் இருவரும் கிளம்பிவிடுவது. வெளியூரில் ஒரு விடுதியில் வேலைகூடப் பேசியாயிற்று. அவள் வீட்டுப் பின்கட்டில் ஓடாத வாஷிங் மெஷின் ஒன்று கிடந்தது. அதற்குள் ஒரு பை வைத்திருந்தாள்: சான்றிதழ்கள், மாற்றுத் துணி, கை ஒடிந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு. "உன்கிட்ட மட்டும்தான்டி சொல்லியிருக்கேன்" என்றாள்.

சின்னவள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஊரை மாற்றினாள். பெண்ணை டீச்சராக்கினாள், மகளை மகனாக்கினாள், வாஷிங் மெஷினை மரப்பெட்டியாக்கினாள். கதையின் முடிவில் அந்தப் பெண் பையோடு பஸ் ஏறிவிடுவாள். முதல் முறையாகப் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்லா வந்திருக்கும்மா. ஆனா இந்த மரப்பெட்டி? எனக்கு வர்ற பாதிக் கதையில மரப்பெட்டிதான். இப்படி ஒரு வீட்ட நீங்க பாத்திருக்கீங்களா இல்லையா? பாத்த பொருள எழுதுங்க."

ஒன்பது வருஷமாக யாரும் சொல்லித் தராத பாடம். அவர் நீட்டிய பேனாவாலேயே மரப்பெட்டியை அடித்துவிட்டு, ஓடாத வாஷிங் மெஷின் என்று எழுதினாள். எழுதியதுமே கதைக்கு உயிர் வந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. ஆசிரியர் படித்துப் பார்த்து, "இப்ப நம்புறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள். கொடுத்தும் விட்டாள்.

"எப்ப சார் வரும்?"

"ஆறு மாசமாவது ஆகும். வரிசையில நிறைய கிடக்கு."

பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கதை வரும்போது அக்கா கண்காணாத தூரத்தில் இருப்பாள். நிம்மதியாகப் படியிறங்கினாள்.

யாரோ ஒரு பெரிய எழுத்தாளர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். இதழில் நாலு பக்கம் காலி. சின்னவளின் கதை கச்சிதமாக நாலு பக்கம். ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த மாதமே போட்டுவிட்டார்கள்.

இதழ் தபாலில் வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். பிரித்தவள் அம்மா. மகளின் பெயரை அச்சில் பார்த்ததும் ஒன்பது வருஷ ஏச்சும் எங்கே போனதோ, கால் தரையில் பாவாமல் பெரியவள் வீட்டுக்கு ஓடினாள். மருமகனையும் பெரியவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் மருமகன் எழுந்து பின்கட்டுக்குப் போனார்.

"தண்ணி குடிக்கப் போறார்னு நெனச்சேன்" என்று அம்மா பிறகு சொன்னாள். அவர் வரும்வரை, மரியாதைக்காக, படிப்பதை நிறுத்தி வைத்திருந்தாளாம். அவர் வந்து உட்கார்ந்து, "மீதியையும் படிங்க அத்தை" என்றாராம். பஸ் கிளம்புகிற வரைக்கும் அம்மா படித்து முடித்திருக்கிறாள்.

மூன்று நாள் போனை யாரும் எடுக்கவில்லை. நாலாம் நாள் பெரியவளே கூப்பிட்டாள்.

"அக்கா, நான் வேணும்னு..."

"மெஷின எடைக்குப் போட்டாச்சு." யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பவள் மாதிரி பேசினாள். "பையில இருந்ததெல்லாம் கொளுத்தியாச்சு. பொண்ண ஸ்கூல்ல இருந்து நிறுத்தியாச்சு. பரீட்சை எழுத மாட்டா."

அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் மெல்லச் செருமியது.

"கதை ரொம்ப நல்லா இருந்துச்சாம்" என்றாள் பெரியவள். "சொல்லச் சொன்னார்."