அப்பா முதலில் பார்த்த படம்

அந்த லப்டொப்பின் அடிப்பக்கம் நெருப்பாய்ச் சுடும். மடியில் வைத்திருந்தால் சட்டைத் துணிக்கு மேலாலேயே தொடை காயும். ஆவணி மாத வெக்கையில் அந்தச் சூடும், அதன் விசிறி வண்டுபோல் இரைகிற சத்தமும், வெளிநாட்டுப் பெட்டிக்குள் கிடந்து வந்த மணமும் சேர்ந்து, எனக்கு அது ஏதோ பெரிய ஆட்களின் பொருள் என்ற மரியாதையைத் தந்தன. அதைக் கொண்டுவந்தவள் மாதுமை. அப்பாவின் தங்கை செல்வி மாமியின் மகள். போர் முடிந்து சில வருடங்களில், கோயில் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்து தாயும் மகளுமாக உடுவிலில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள்.

அந்த லப்டொப்பில் ஒரு பேய்ப்படம் இருந்தது. தன் வகுப்பில் அதைப் பார்க்காத ஆளே இல்லை என்று சொன்ன மாதுமை, அடுத்ததாக, "உன்னைப் பாக்க விடுவினமோ?" என்று கேட்டாள். அவள் இயல்பாகத்தான் கேட்டாள். எனக்கோ முகம் முழுக்க எரிந்தது. ஏனென்றால் பொழுதுபட்ட பிறகு பின்வளவுக் கக்கூசுக்கு அம்மா டோர்ச் பிடித்துக்கொண்டு கூட வராமல் நான் போவதில்லை என்பதை அவள் வந்த முதல்நாளே கண்டுவிட்டிருந்தாள். வீட்டில் எனக்கு "பயந்தாங்கொள்ளி" என்று ஒரு பட்டமே இருந்தது.

கேட்டுப் பார்ப்போம் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரம் நான் கதையைத் தொடங்கினேன். அம்மா தலை நிமிராமலே, "வேண்டாம். பெரியபிள்ளையாகி ஒரு வருசம்கூட இல்லை. பயந்து கியந்து காய்ச்சல் வந்தால் ஆர் பாக்கிறது?" என்றார். மாதுமைக்கு முன்னால் அதையெல்லாம் சொல்லவேண்டுமா என்று எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. மாமி சிரித்தார். "அண்ணி, அங்கை பத்து வயசுப் பிள்ளையளே பாக்குதுகள். இஞ்சை நீங்கள் பொத்திப் பொத்தி வளக்கிறியள்." அம்மாவுக்கு அது சுட்டிருக்க வேண்டும். இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா மானிப்பாய்ப் பக்கம் ஓடுகிற மினிபஸ்ஸில் கொண்டக்டர். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு அவர் வைக்கிற சத்தம் மூன்று ஒழுங்கை தாண்டிக் கேட்கும். எந்த ஆளோடும் பயமில்லாமல் வாய் கொடுப்பார். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "நான் முதல் பாக்கிறன். பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார்.

அப்படி ஒரு தீர்ப்பை நான் எதிர்பார்க்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டி, வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏதோ அரசாங்கக் கந்தோரில் கையெழுத்து வைக்கப் போகிறவர்போல அப்பா விறாந்தை மேசையில் லப்டொப்புக்கு முன்னால் இருந்தார். மாதுமை எதை அமத்தவேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள். எங்களை உள்ளே இருக்கச் சொன்னார்கள். நாங்கள் அறை வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தோம். திரை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். படம் ஆங்கிலம், அப்பாவுக்குப் பாதிதான் விளங்கும். ஆனாலும் பஸ்ஸில் போலவே கதைத்துக்கொண்டிருந்தார். "உவள் ஏன் உந்த வீட்டுக்குத் தனியப் போறாள்? பைத்தியம்." மாதுமை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வெட்கத்தால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு கட்டத்தில் படத்தில் எல்லாச் சத்தமும் நின்றது. தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. பிறகு படத்துக்குள் கதவு தட்டப்படும் சத்தம், மெதுவாக, அவசரமில்லாமல்.

"திறவாதை," என்றார் அப்பா. முதல் தரம் பகிடி போலத்தான் இருந்தது. மறுபடியும் தட்டும் சத்தம். "திறவாதை" என்று இன்னொருதரம் சொன்னபோது அது எனக்குத் தெரிந்த குரலாக இல்லை. மூன்றாம் தரம் அவர், "திறவாதையடா!" என்று கத்திக்கொண்டு எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது. கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் நின்றது.

மாதுமை வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், அவளைவிடப் பலமாக. இந்த வீட்டுப் பயத்தில் எனக்குப் பங்கில்லை என்று அவளுக்குக் காட்டவேண்டியிருந்தது. அறைக்குள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த மாமியும் வெளியே வந்து, "என்ன அண்ணை, சின்னப்பிள்ளை மாதிரி?" என்று சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து லப்டொப்பை மூடினார்.

அப்பாவுக்கும் மாமிக்கும் ஒரு தம்பி இருந்தார், குமரன் சித்தப்பா. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, நானும் அம்மாவும் உடுப்பிட்டியில் அம்மாவின் வீட்டில் நின்ற ஓர் இரவு, அவரை இந்த வீட்டிலிருந்து யாரோ வந்து கொண்டுபோனார்கள். வந்தது யார், எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. "கதவை உடைச்சுக்கொண்டு வந்து பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை. கனடாவுக்குத் தொலைபேசியில் சொன்னதும் அதுதான். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கு நான் சொன்னதும் அதுதான்.

அப்பா கதிரையை நிமிர்த்தி வைத்தார். ஆனால் அதில் இருக்கவில்லை. மாமியைப் பார்க்காமல் சொன்னார்.

"செல்வி, அவங்கள் உடைக்கேல்லை. தட்டினவங்கள். திறவாதை அண்ணை எண்டு குமரன் சொன்னவன். நான்தான் திறந்தனான்."

மாமியின் முகத்திலிருந்த சிரிப்பு போவதற்கு இடம் தெரியாமல் அப்படியே நின்றது. அவர், "நீங்கள் திறக்காட்டிலும் உடைச்சிருப்பாங்கள், அண்ணை," என்றார்.

"ஓம். அது எனக்குத் தெரியும். ஆனா உடைச்சாங்கள் எண்டு உனக்குச் சொன்னது நான். அம்மா சாகுமட்டும் அவவுக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

மாமி முன்கதவுக்குப் போய் அதைத் தடவிப் பார்த்தார். வீடு கட்டியபோது போட்ட அதே வேப்பமரக் கதவு. பூட்டுப் பக்கத்தில் ஒரு வெடிப்பில்லை, சட்டத்தில் ஓர் ஒட்டு இல்லை. நான் தினமும் அதால்தான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். ஒருநாளும் எனக்கு அது தெரியவில்லை. மாமி திரும்பிவந்து அப்பாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். சிரித்ததற்காக அழுகிறாரா, தம்பிக்காக அழுகிறாரா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. மாதுமை என் கையைப் பிடித்து, "மாமா ஏன்...?" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள்.

பின்னேரம் அப்பா முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு வந்து, "பிள்ளை பாக்கட்டும். படத்திலை பெரிசா ஒண்டும் இல்லை," என்றார். எனக்குப் பார்க்க வேண்டாம் என்றேன். "என்னாலை நீ பாக்காமல் இருக்கக்கூடாது. அது என்ரை பயம். உனக்கு ஏன் அது?" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாங்கள் பார்த்தோம். அம்மாவும் மாமியும் பக்கத்துக் கதிரைகளில் இருந்தார்கள். மாதுமை, யாரும் சொல்லாமலே, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டாள். சத்தமில்லாத அந்தப் படத்தில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி வீட்டுக்குள் ஓடித் திரிந்தாள். கதவுகள் திறந்தன, மூடின. எனக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. பயம் வந்திருந்தால் நல்லாயிருக்கும் என்று நினைத்தேன். அப்பாவோடு ஒரு பக்கத்தில் நின்றதாகவாவது இருந்திருக்கும்.

அதன்பிறகு காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்தவர்களுக்கும், காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் இருந்த தாய்மாருக்கும், அப்பா நடந்ததை நடந்தபடியே சொன்னார். ஒவ்வொரு தரமும் நிலத்தைப் பார்த்துத்தான் சொல்லுவார். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. மாமி செத்தவீட்டுக்குத் தனியாக வந்து போனார்.

இப்போது நான் மானிப்பாயில் ஒரு ரியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில், ஆளுக்கொரு கைபேசியைக் குனிந்து பார்த்தபடி, என்ன படமென்றாலும் பார்க்கிறார்கள். பார்க்கலாமோ என்று யாரும் வீட்டில் கேட்பதில்லை. முதலில் நான் பார்க்கிறேன் என்று சொல்கிற ஆட்களும் இல்லை. பயங்கரமான படம், கட்டாயம் பாருங்கோ ரீச்சர், என்று சில பிள்ளைகள் எனக்கும் சொல்கிறார்கள். பார்க்கிறேன் என்கிறேன். பார்ப்பதில்லை.