உலகக் கிண்ணம் முடியும்வரை

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் கட்டாரில் நடந்த வருஷம், காத்தான்குடியில் எங்கள் வாவிக்கரை ஒழுங்கைச் சந்து முழுக்கக் கொடி. தென்னைக்கும் லைட் போஸ்டுக்கும் நடுவில் ஒரு பக்கம் பிரேசில், மறுபக்கம் ஆர்ஜென்டினா. மாரிமழை விடாமல் பெய்தது. இரண்டும் நனைந்து சாயம் ஊறி, எது யாருடைய கொடி என்று தெரியாமல் தொங்கின.

எனக்கு உதைபந்தாட்டப் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே. அல்லாஹ் மன்னிக்க வேண்டும், ஐந்து நேரத் தொழுகைக்கு அடுத்தபடியாக நான் நேரம் தவறாமல் போன இடம் மைதானம்தான். அந்த முறை நடத்துவது ஒரு முஸ்லிம் நாடு வேறு. மைதானத்துக்குப் பக்கத்திலேயே பாங்கு கேட்கும், மதுவுக்கு இடமில்லை என்று பேசிப் பேசி எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பெருமை இன்னும் கூட. என் மருமகன் அங்கே ஒரு மைதானத்தில் கதிரை பூட்டும் வேலை செய்தவர். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது எங்கள் ஊரில் தகப்பன் கடமை. சாறன், கைலி விற்கிற என்னால் சுவர்வரைக்கும்தான் கொண்டுபோக முடிந்தது. "கூரைய நான் போய் முடிக்கிறன் மாமா, நீங்க யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் செய்ய வேண்டியதைச் செய்யத்தான் அவர் வெயிலுக்குள் இறங்கினார்.

முதல் கோடையிலேயே அவர் குரல் மாறிவிட்டது. ஒருநாள் என்னோடு மட்டும் பேசினார்.

"மாமா, அவளுக்கிட்ட சொல்லாதீங்க. மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில போகுது."

"டொக்டரிட்டக் காட்டினீங்களா மகன்?"

"வெயிலுக்குத்தானாம். நல்லா தண்ணி குடிக்கட்டாம். குடிக்க எழும்பினா மேற்பார்வைக்காரன் கத்துறான்."

மகளிடம் நான் சொல்லவில்லை. தொழுது துஆ கேட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டங்கள் தொடங்க முன் அவர்களையெல்லாம் பட்டணத்துக்கு வெளியே வேறொரு கேம்புக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். "பாஸ்போர்ட் கொம்பனிக்காரன்ட கையில மாமா. கிண்ணம் முடிஞ்ச பொறகுதான் ஊருக்கு அனுப்புவாங்களாம். பார்க்க வாற வெளிநாட்டுக்காரன்ட கண்ணுல எங்களக் காட்ட மாட்டாங்களாம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் ஆட்டம் தொடங்கியதும் எங்கள் வீட்டு வளவில்தான் வெள்ளைத் துணி கட்டி ஆட்டத்தைப் படமாக விட்டார்கள். நானும் முன்வரிசையில் கதிரை போட்டு இருந்தேன். பக்கத்து வீட்டு மீன்காரர் பிரேசில் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாவியில் வலை வீசப் போகும்போதும் அதைத்தான் போடுவார். ஒழுங்கை முனையில் ஓட்டோ ஓடுகிறவர் கதிரையில் இருக்காமல் வேலியோரம் நின்றார்.

"இந்த மைதானமெல்லாம் கட்டின ஆக்கள் கனபேர் மௌத்தாப் போயிட்டாங்களாம். வெளிநாட்டில சிலபேர் பார்க்கவே மாட்டம் எண்டு நிக்கிறாங்களாம். எனக்கும் ஒருமாதிரி இரிக்கி" என்றார்.

"அது வெள்ளக்காரன்ட எரிச்சல்" என்றார் மீன்காரர். "நீ பார்க்காட்டி பிரேசில் தோத்துப் போயிருமாக்கும்! வேணாமெண்டா வீட்ட போய் பொஞ்சாதிட்ட ஏச்சு வாங்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ஓட்டோக்காரர் என்னைப் பார்த்தார்; அண்ணன் முறை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவார். "காக்கா, நீங்க சொல்லுங்க. உங்கட மருமகன் அங்கதானே."

மகள் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றாள். "அல்லாஹ்வுக்குப் பயந்த நாடு. அநியாயம் நடக்க விட மாட்டாங்க" என்று சொன்னேன். சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பாமல் துணியையே பார்த்தேன்.

எங்கள் பள்ளி மைக்குக்கு ஒரு வழமை உண்டு. பாங்கு என்றால் மோதினார் நேரே தொடங்குவார். மௌத்து அறிவித்தல் என்றால் முதலில் விரலால் மைக்கைத் தட்டுவார். பிறகு எந்த வீதி, யாருடைய மகன், யாருடைய கணவர் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில்தான் பேர் வரும். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் அந்தத் தட்டலுக்கு அடுப்பைக்கூட அணைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள்.

அன்றைக்கு இடைவேளையில் இஷா தொழுதுவிட்டு வந்து மறுபாதி பார்த்துக்கொண்டிருந்தோம். மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. யாரோ படத்தின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"கட்டார் நாட்டில் தொழில் புரிந்துவந்த..." என்றது மைக்.

மகள் கையிலிருந்த தட்டை நிலத்தில் வைத்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மருமகனுக்குக் கபுறுக் குழி அந்த மண்ணிலா இந்த மண்ணிலா என்பதுவரை நினைத்துவிட்டேன். பிறகு வீதியின் பேர் வந்தது. எங்கள் வீதி இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். வாய்விட்டு, எல்லாருக்கும் கேட்க.

ஒரு மௌத்தைக் கேட்டால் "இன்னா லில்லாஹி" சொல்லிப் பழகிய வாய் இது. ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. துணியில் சத்தமில்லாமல் ஒரு கோல் விழுந்தது. ஒருவரும் கத்தவில்லை. மீன்காரர்தான் எழும்பிப் போய்ப் படத்தை நிறுத்தினார்.

ஆட்கள் கலைந்துபோன கையோடு மருமகனின் அழைப்பு வந்தது. மகள் பக்கத்தில் நின்றதை யோசிக்காமல் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மௌத்தானது என்ட மேல் கட்டில்ல படுத்தவர்தான் மாமா. சுபஹுத் தொழுகைக்கு எழுப்பினன். எழும்பல்ல. நித்திரையில நெஞ்சு நிண்டுட்டாம். அவருக்கும் என்னப் போலதான் மூத்திரம் கறுத்துப் போனது. பொறகு கால் ரெண்டும் வீங்கினது."

மகள் தொலைபேசியை என் கையிலிருந்து பறித்தாள். "கூரையும் வேணாம் ஒண்டும் வேணாம். நீங்க வாங்க."

"பாஸ்போர்ட் இல்லாம எப்பிடி வாற புள்ள? கிண்ணம் முடியட்டும்."

அதன்பிறகு நாங்கள் ஆட்டம் பார்த்தது அது எப்போது முடியும் என்பதற்காக மட்டும்தான். பிரேசில் தோற்றுப் போனபோது மீன்காரர் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். எனக்கோ ஒரு அணி குறைந்தது பெரிய ஆறுதல். இறுதி ஆட்டத்தை மீன்காரர் வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். நேரம் முடிகிறது என்று நான் எங்கள் வேலியடியில் நின்று ஸலவாத்து ஓதிக்கொண்டிருக்க, கோல் சமமாகி, மேலதிக நேரம் கொடுத்தார்கள். ஒழுங்கையே துள்ளிக் குதித்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற மகள், "இன்னும் முடியல்லயா வாப்பா?" என்று கேட்டாள்.

அது முடிந்தும் கொம்பனி உடனே விடவில்லை. நாளைக்கு, மறுநாளைக்கு என்று இழுத்து, நோன்புக்குக் கிட்டத்தான் அனுப்பினார்கள். மருமகன் செருப்புப் போடாமல், வெறுங்காலோடு வேனிலிருந்து இறங்கினார். கால் இரண்டும் எந்தச் செருப்புக்குள்ளும் போகாத அளவுக்கு வீங்கியிருந்தன. மகள் நிலத்தில் குந்தி, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் மெல்ல அமத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது.