கோவர்த்தனன் ஏறிய மலை

ஆந்திராவுக்கும் சென்னை மாநிலத்துக்கும் எல்லை பிரிக்கப் போகிறார்கள் என்றதும் நகரிக்காரர்கள் நிலத்தை நினைத்துக் கவலைப்பட்டார்கள். கோவர்த்தனனின் கவலையோ வாலிபத்தில் தான் ஏறிய மலையைப் பற்றியது. அது எந்த மாநிலத்துக்குப் போகும்? மலையின் பெயர்தான் அவருக்கு நினைவில்லை. உச்சியில் பெரிய பாறை இருந்ததாம். அந்த வட்டாரத்தில் பாறை இல்லாத மலையே கிடையாது.

மனைவி செங்கம்மாவை இழுத்துக்கொண்டு மலை மலையாக அலைந்தார். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "இது இல்ல, அது இன்னும் ஒசரம்" என்பார். ஏறிப் பார்க்கும் சிரமத்தை வைத்துக்கொள்ளவில்லை.

கடைசியில், அன்று கூடவே வந்த சிநேகிதன் முனிகிருஷ்ணனைத் தேடிப் புத்தூருக்குப் போனார்கள்.

"மலையா? எங்க வூட்டுக்குப் பின்னால இருக்கிற குன்னுடா அது! பாதியில மயக்கம் போட்டுட்டே. நான்தான் தூக்கிக்கினு எறங்கினேன்."

"அது வேற யாரோ," என்றார் கோவர்த்தனன், முகம் சிவக்க.

செங்கம்மா அதற்குள் குன்றில் பாதி ஏறிவிட்டிருந்தாள். "கையப் புடிச்சிக்கினு வாங்க" என்று திரும்பி வந்து அழைத்தாள். மூச்சு வாங்க ஏறினார். உச்சியில் காற்று முகத்தில் அடித்தபோது குழந்தை போலச் சிரித்தார்.

மறுநாள் முதல், பயந்து நடுங்கிய மனைவியை மலையேற்றிய கதையை நகரியில் சொல்லிக்கொண்டிருந்தார்.