கீரிக் கழுதையின் பால்

தொற்றுநோய் வைத்தியம், அதிலும் ரேபிஸ் எனும் விசர்நோய் ஆராய்ச்சி என்று இத்தனை வருடம் போன பிறகு, இனி எதுவும் என்னைத் திடுக்கிட வைக்காது என்றுதான் நினைத்திருந்தேன். மன்னாரில் அந்த நினைப்பு ஒரே காலையில் போய்விட்டது.

கீரி என்ற கிராமத்தில் ஒரு கழுதை வெறிபிடித்து ஆட்களைத் துரத்திவிட்டுச் செத்தது. மூளையைச் சோதித்ததில் விசர்நோய்தான் என்று வந்தது. கடிபட்டவர்கள் இருந்தால் உடனே வரச்சொல்லி ஊருக்குச் சொல்லியனுப்பினேன். கடிபட்டவர் ஒருவரும் வரவில்லை. கைக்குழந்தையோடு ஒரு தாய்தான் அழுதுகொண்டு ஓடிவந்தாள். பின்னால் கடற்றொழில் செய்யும் அவளுடைய புருஷன், வேண்டாவெறுப்பாக வந்தார்.

"டொக்டர், அந்தக் கழுதையின்ர பாலைக் காய்ச்சாமல் பிள்ளைக்குப் பருக்கினனாங்கள்!"

பிறந்த பிள்ளைக்குக் கழுதைப்பால் பருக்கினால் நோய் அண்டாது என்று நம்புகிறவர்கள் இங்கே இன்னமும் இருக்கிறார்கள். அதற்காகக் காய்ச்சாத பாலையா?

"பச்சைப்பிள்ளைக்குக் குடுக்கிற சாமானே இது? என்ன வேலை பாத்தனீங்கள்!" வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

பாலால் இந்த நோய் தொற்றி நான் கண்டதில்லை. ஆனாலும் பிள்ளை விஷயம். தடுப்பூசியை ஆயத்தப்படுத்திக்கொண்டே, பால் கறந்தது யார் என்று கேட்டேன்.

"நான்தான்," என்றார் புருஷன். "அப்ப அது நல்லாத்தான் இருந்தது, டொக்டர். பிறகுதான் வாயால வீணி வடிச்சுக்கொண்டு நிண்டது. தொண்டையில ஏதோ சிக்கிப்போச்செண்டு கையை உள்ளுக்கு விட்டுப் பாத்தனான். பிள்ளைக்குப் பால் தந்த சீவனெல்லே, விட்டிட்டுப் போக மனம் வரேல்லை."

கையைக் காட்டச் சொன்னேன். விரலெல்லாம் மீன்முள் கிழித்த புண்கள். ஐயோ! அந்த எச்சில் புண்ணில் பட்டாலே போதும், கடியே வேண்டாம். நோய்க்குறி தொடங்கிய ஒருவரையும் என்னால் இதுவரை காப்பாற்ற முடிந்ததில்லை. நான் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்க, சாவுக்குப் பக்கத்தில் நின்ற மனுஷன் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன் முதலே வரேல்லை?"

"அது கடிக்கேல்லையே. பிள்ளைக்குப் போடுங்கோ டொக்டர், எனக்குத் தொழிலுக்குப் போகோணும்."

"போனால் செத்துப்போவீங்கள்!" என்று கத்திவிட்டேன்.

தாய் அழுகையை நிறுத்தினாள். பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு அவருடைய சட்டையை இறுக்கிப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, ஒரு அடி எடுத்து வச்சால் பாருங்கோ!" அவருடைய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவித்து, புண்களைச் சுற்றியும் ஊசி போட்டேன்.

தகப்பனும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். கடைசி ஊசிக்கு வந்த அன்றும் நான் சும்மா இருக்காமல், இனிக் கழுதைப்பால் பக்கமே போகக்கூடாது என்று அந்தத் தாயை ஏசத் தொடங்கினேன்.

"ஓம் டொக்டர், பிழைதான்," என்றாள். "ஆனா அந்தப் பாலைக் குடுக்காமல் விட்டிருந்தால், இவர் இஞ்ச வந்திருப்பாரோ?"

வந்திருக்கவே மாட்டார்.